மெஷினுக்குப் பின் பிறந்த மரபு

கைவினையின் வரலாறு எப்போதும் ஒரே வரிசையில்தான் சொல்லப்படுகிறது: முதலில் கை, அப்புறம் மெஷின், மெஷின் வந்ததும் மரபு செத்துப்போச்சு. புளோரிடாவின் செமினோல் பெண்களிடம் இந்தக் கதையாடல் செல்லுபடியாகாது.

1858இல் மூன்றாவது செமினோல் போர் முடிந்தபோது, அமெரிக்க ராணுவத்திடம் பிடிபடாமல் தெற்குப் புளோரிடாவின் சதுப்பு நிலங்களில் எஞ்சியவர்கள் சில நூறு பேர். மான்தோல், முதலைத்தோல், கொக்கிறகு கொடுத்து வணிகர்களிடம் துணி வாங்கினார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கையால் சுற்றும் தையல் மெஷினும் அதே வழியில் வந்தது. 1910களில் அந்த மெஷினில் பிறந்ததுதான் 'செமினோல் ஒட்டுத்தையல்'.

வேலை இப்படி: பல நிறத் துணிகளை நீளமான பட்டைகளாகக் கிழிக்க வேண்டும். அவற்றை விளிம்போடு விளிம்பாகத் தைத்தால் வரிவரியான ஒரு நாடா. அதைக் குறுக்கே, நேராகவோ சாய்வாகவோ துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் ஒரு படி இறக்கி மறுபடி தைத்தால் கட்டங்களும் படிகளும் தாமே எழும். பொடித் துண்டுகளை ஒவ்வொன்றாக அளந்து வெட்டும் பாடு கிடையாது. அந்த உருக்களுக்கு நெருப்பு, மழை, மின்னல் என்று பெயர்கள். தைத்தது போர்வை அல்ல. தாங்கள் உடுத்தும் பாவாடை, ஆண்களின் சட்டை.

இதே காலத்தில்தான் இறகு வணிகத்தைச் சட்டம் தடுத்தது, சதுப்பை வடிகால்கள் வற்றவைத்தன. வேட்டைப் பொருளாதாரம் சரிந்தது. மயாமியின் சுற்றுலா முகாம்களும், 1928இல் திறந்த டாமியாமி நெடுஞ்சாலையும் கொண்டுவந்த பயணிகளிடம் இந்தத் துணி விலைபோனது. 'பழங்குடிக் கலை' என்று அவர்கள் வாங்கிப்போனது நிலம் பறிபோனவர்கள் மெஷினில் தைத்த பிழைப்பு.

பின்னாளில் அமெரிக்கப் போர்வைத் தையல்காரர்கள் பட்டைத்தையலைக் கொண்டாடினார்கள். 1979இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்த உருளும் கத்தி வேலையை இன்னும் சுளுவாக்கியது. பாடப் புத்தகங்களில் அது 'வேகமுறை', நேரத்தை மிச்சப்படுத்தும் உத்தி.

கவனியுங்கள்: பட்டை ஒன்றுதான், மெஷினும் ஒன்றுதான். நடுத்தர வர்க்க வெள்ளைப் பெண் தைத்தால் தொழில்நுட்பம்; செமினோல் பெண் தைத்தால் மரபு. ஒருத்திக்குக் கண்டுபிடிக்கும் மூளை இருக்கிறது. மற்றவளுக்கு வழிவழியாக வந்த கை மட்டுமே இருக்கிறதாம். 'மரபு' என்ற சொல் இங்கே புகழ்ச்சிபோல் வந்தாலும், அது அவர்கள் யோசித்ததை அவர்களிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது.