எத்தனை பேர், எந்த முறை, யாருக்கு: புனே 2020

2020 ஜனவரியில் இந்தியாவில் ஒருவருக்குக் கொரோனா தொற்று உண்டா இல்லையா என்பதை உறுதிசெய்யும் பொறுப்பு புனேயின் தேசிய வைராலஜி நிறுவனத்திடம் இருந்தது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் துணையோடு 1952இல் தொடங்கப்பட்ட ஆய்வகம் அது. வூஹானிலிருந்து திரும்பிய கேரள மாணவி ஒருவரின் தொற்றை ஜனவரி 30 அன்று அதுவே உறுதிசெய்தது. கிண்டி கிங் நிலையத்தில் வசதி அமையும்வரை தமிழ்நாட்டு மாதிரிகளும் புனேக்கே சென்றன.

ஆய்வகங்கள் அரிதாக இருந்தபோது, யாரைச் சோதிப்பது என்பதற்கான விதி இறுக்கமாக இருந்தது. மார்ச் 20 வரை வெளிநாட்டிலிருந்து திரும்பியோரையும் அவர்களோடு தொடர்புடையோரையும் சுற்றியே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் விதி அமைந்தது. மகாராஷ்டிரத்தில் மார்ச் 9 அன்று முதலில் கண்டறியப்பட்டோர், துபாயிலிருந்து புனே திரும்பிய இணையர். எங்கே தேடச் சொன்னதோ அங்கேதான் விதி நோயைக் கண்டது. ஊருக்குள் பரவல் இல்லை என்ற அக்காலக் கூற்றையும் இதனோடு சேர்த்தே வாசிக்க வேண்டும்.

அம்மாதமே மகாராஷ்டிர அரசு கையிலெடுத்த சட்டம் 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம். பம்பாய்ப் பிளேக்குக்காக இயற்றப்பட்ட அதன் பெயரைப் புனே எளிதில் மறக்காது. அன்று ராண்ட் தலைமையிலான குழு படைவீரர்களை வீடு வீடாக அனுப்பி நோயாளிகளைத் தேடியது. அவ்வாண்டு ஜூன் 22 அன்று ராண்ட் சுடப்பட்டார். அன்று மக்கள் தேடலுக்கு அஞ்சினர். 2020இன் தொடக்க வாரங்களிலோ அறிகுறி இருந்தும் விதிக்குள் அடங்காதோர் சோதனைக்குக் காத்திருந்தனர்.

பற்றாக்குறை நீங்கியபின் கணக்கின் தன்மையே மாறியது. மார்ச் இறுதியில் புனேயின் மைலேப் நிறுவனத்தின் ஆர்டி-பிசிஆர் கருவிக்கு ஒப்புதல் கிடைத்தது. ஜூன் 14 அன்று விரைவு ஆன்டிஜென் சோதனை அனுமதிக்கப்பட்டது. அரை மணி நேரத்தில் முடிவு தரும் இம்முறை, தொற்றுள்ளவரை இனங்காணும் திறன் 50.6 முதல் 84 விழுக்காடு வரை என்று அனுமதி ஆவணமே கூறியது. ஆகவே அறிகுறியிருந்தும் 'இல்லை' என்று வந்தோரை ஆர்டி-பிசிஆர் முறையில் மீண்டும் சோதிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் விதிக்கப்பட்டது. தமிழ்நாடு அவ்வாண்டில் ஆர்டி-பிசிஆரையே நம்பியது. அம்முடிவு போதிய கவனம் பெறவில்லை.

தேசிய நாளறிக்கையிலோ இருவகைச் சோதனைகளும் ஒரே கூட்டுத்தொகையாயின. நாளொன்றுக்குப் பத்து லட்சம் என்ற இலக்கு ஆகஸ்ட் 21 அன்று எட்டப்பட்டது. பத்து லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 140 சோதனைகள், தொற்று விகிதம் 5 விழுக்காட்டுக்குக் கீழ் என்பவை பிற அளவுகோல்கள். தொற்று வாய்ப்புக் குறைந்தோரிடம் திறன் குறைந்த சோதனையைப் பெருக்கினால் எண்ணிக்கை உயரும், விகிதம் தாழும். நோயைக் கண்டறியாமலேயே இரு இலக்குகளையும் நெருங்கிவிடலாம். இதற்குத் தீய நோக்கம் தேவையில்லை. மாவட்ட அலுவலரிடம் மாலையில் கேட்கப்படும் எண் எதுவோ, காலையில் அவர் தேடுவதும் அதுவே.

இலக்கு எட்டப்படுவதற்குச் சில நாள் முன்பு, ஆகஸ்ட் 17 அன்று, புனேயில் வேறொரு கணக்கு வெளியானது. சாவித்திரிபாய் புலே புனே பல்கலைக்கழகம், ஐசர் முதலிய நிறுவனங்கள் பரவல் மிகுந்த ஐந்து வட்டாரங்களில் 1,664 பேரின் குருதியை ஆராய்ந்திருந்தன, 51.5 விழுக்காட்டினரிடம் எதிர்ப்பொருள் இருந்தது. பரவல் மிகுந்த பகுதிகளே தெரிவானதால் இதை முழு நகரத்துக்கும் பொருத்துவது பிழை. எனினும் மாநகராட்சி எல்லையில் அதுவரை சோதனை வழி உறுதியான நோயாளிகள் ஒரு லட்சத்தையும் எட்டவில்லை.

கஸ்பா பேட்டை - சோம்வார் பேட்டையில் 36.1 விழுக்காடு; நெரிசல் மிகுந்த லோகியா நகர் - காசேவாடியில் 65.4. தனிக் கழிப்பறை உடையோரைவிடப் பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்துவோரிடம் தொற்றின் தடம் மிகுதி என்பதும் அவ்வாய்விலேயே தெரிந்தது. நாளறிக்கையில் அன்றும் இருந்தது மாதிரிகளின் எண்ணிக்கை மட்டுமே.