பங்கோர் தீவு: மீனவக் கிராம வாழ்க்கையும் அடுத்த தலைமுறையின் வாய்ப்புகளும்

பங்கோர் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பாசிர் போகாக், தெலுக் நிப்பா கடற்கரைகளும் பள்ளி விடுமுறைக் கூட்டமும்தான். அவை தீவின் மேற்குக் கரையில் உள்ளவை. தீவு மக்களில் பெரும்பாலோர் வாழ்வது கிழக்குக் கரையில். சுங்கை பினாங் கெச்சில், சுங்கை பினாங் பெசார், பங்கோர் பட்டணம் ஆகியவை கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் பலகை வீடுகளும் மீன் கிடங்குகளும் படகுத் துறைகளும் கொண்ட மீனவக் கிராமங்கள். அங்கு வாழ்வோரின் நிலையையும் அவர்களுடைய பிள்ளைகளின் எதிர்காலத்தையும் இங்கே காண்போம்.

தீவின் அமைப்பு

பேராக் மாநிலம், மஞ்சோங் மாவட்டக் கரைக்கு எதிரே சுமார் 18 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ளது பங்கோர். நடுப்பகுதி முழுவதும் காடும் மலையுமாக இருப்பதால் குடியிருப்புகள் கரையோரத்தில் மட்டுமே உள்ளன. பெருநிலத்தோடு இணைக்கும் பாலம் கிடையாது. லுமுட்டிலிருந்து புறப்படும் பெர்ரி முதலில் சுங்கை பினாங் கெச்சிலில் நின்று, பிறகு பங்கோர் பட்டணம் சேரும். அரிசி, சிமெண்டு முதல் பள்ளிப் புத்தகம் வரை எல்லாம் கடல் வழியாகவே வந்தாக வேண்டும்.

மீனவக் கிராமங்களில் சீனர்களே அதிகம். மலாய்க்காரர்களின் கம்பங்கள் தெலுக் கெடோங், தெலுக் டாலாம் பகுதிகளில் உள்ளன. இந்தியர்கள் சிறுபான்மையினரே. இருந்தும் தமிழ்ப் பள்ளி ஒன்றையும் ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயத்தையும் அவர்கள் காத்து வருகிறார்கள்.

வரலாற்றில் பங்கோர்

ஈய வணிகத்தைக் கைக்குள் வைத்துக்கொள்ள டச்சுக்காரர்கள் 1670-இல் தெலுக் கெடோங்கில் கோட்டை கட்டினார்கள். அதன் இடிபாடு இன்றும் சுற்றுலாத் தலமாக உள்ளது. 1874 ஜனவரி 20-ஆம் தேதி இத்தீவின் அருகே கப்பலில் கையெழுத்தான பங்கோர் ஒப்பந்தம், பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஆட்சிக்கு வழிவிட்டது. பின்னாளில் தோட்டங்களுக்குத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுவரப்பட்டதற்குப் பின்னணியாக இருந்த ஆட்சிமுறை அது. பங்கோரும் அதை அடுத்த கரையும் 'டிண்டிங்ஸ்' என்ற பெயரில் நீரிணைக் குடியேற்றங்களின் பகுதியாக இருந்து, 1935-இல்தான் பேராக்கிடம் திரும்பின.

நெத்திலியும் கணவாயும்

பங்கோரின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றது நெத்திலி, அதாவது ஈக்கான் பீலிஸ். பிடித்த சில மணி நேரத்தில் கெட்டுவிடும் மீன் இது. அதனால் வலையிலிருந்து எடுத்த கையோடு படகிலேயே உப்பு நீரில் அவித்துவிடுகிறார்கள். கரை சேர்ந்ததும் காய வைத்து, அளவு வாரியாகத் தரம் பிரிக்கிறார்கள். கருவாடு, காய்ந்த கணவாய், மீன் சத்தே ஆகியவையும் இங்கிருந்து வெளியூர் செல்கின்றன. படகு கட்டும் பட்டறைகள், ஐஸ் ஆலை, வலை பழுது பார்ப்போர் எனப் பலரின் வருமானம் இதே தொழிலைச் சார்ந்தது.

விளக்கு வெளிச்சத்தில் மீனைத் திரட்டிப் பிடிக்கும் படகுகளுக்கு நிலா வெளிச்சம் தொழிலுக்கு ஆகாது. பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அவை கரையில் நிற்கும். பௌர்ணமியை ஒட்டியே வரும் மாசி மகத்தன்று பத்ரகாளியம்மன் ஆலயத் திருவிழாவுக்குப் பேராக்கின் பல பகுதிகளிலிருந்து பக்தர்கள் பெர்ரி ஏறி வருகிறார்கள்.

தொழில் ஏன் சுருங்குகிறது?

முதற்காரணம் செலவு. டீசல், ஐஸ், வலை ஆகியவற்றின் செலவைக் கழித்த பிறகுதான் பங்கு பிரிக்கப்படுகிறது. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தபோது, உரிமம் பெற்ற மீனவர்களுக்கு 1.65 ரிங்கிட் விலை தொடர்ந்தது. இந்தச் சலுகை இல்லாவிட்டால் பல படகுகளுக்குக் கடலுக்குப் போவதே கட்டுப்படியாகாது.

இரண்டாவது, மீன் வளம். பேராக் கரையின் மீனும் இறாலும் குஞ்சுப் பருவத்தில் வளர்வது மாத்தாங் சதுப்புநிலக் காடு போன்ற இடங்களில்தான். சுமார் 40,000 ஹெக்டர் பரப்புள்ள அக்காடு பாதுகாக்கப்பட்டாலும், இழுவலைகள் கடலடியைச் சுரண்டும்போது சிறு மீன்களும் சேர்ந்தே அள்ளப்படுகின்றன. பங்கோருக்கு எதிர்க்கரையில் 2003 முதல் இயங்கும் மஞ்சோங் அனல் மின் நிலையமும், 2014-இல் தொடங்கிய தெலுக் ருபியா இரும்புத் தாது முனையமும் கப்பல் போக்குவரத்தைக் கூட்டியுள்ளன. பெரிய கப்பல் வரும் வழியில் சிறு படகுக்காரர் வலை விரிக்க முடியாது.

மூன்றாவது, ஆள் பற்றாக்குறை. படகு முதலாளிகளின் பிள்ளைகள் படித்துவிட்டு ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விடுகிறார்கள். படகில் வேலை செய்ய வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தேவைப்படுகிறார்கள். ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கு மாறியபோது நம் தோட்டங்களில் நடந்ததும் இதுதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தோட்டத் தொழிலாளிக்கு வேலை போனபோது வீடும் சேர்ந்து போனது. மீனவருக்குப் படகும் வீடும் சொந்தமாக இருந்தால், ஊரிலேயே இருந்து வேறு தொழிலுக்கு மாறிக்கொள்ள முடிகிறது.

தீர்வையற்ற தீவு என்ன தந்தது?

2020 ஜனவரி 1-ஆம் தேதி பங்கோர் தீர்வையற்ற தீவானது. மூன்று மாதம் முடிவதற்குள், மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பயணிகள் வரவு நின்றதால் கடை திறந்தவர்களும் தங்கும் விடுதிக்காரர்களும் முதல் ஆண்டிலேயே அடி வாங்கினார்கள். பின்னர் கூட்டம் திரும்பியது. ஆனால் அது வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் மட்டுமே பெருகும் வருமானம். வாடகை வேன், உணவுக்கடை, படகுச் சுற்றுலா நடத்துவோர் மற்ற நாட்களுக்கு வேறு வழி தேட வேண்டியுள்ளது.

இளைஞர்கள் கவனிக்க வேண்டியவை

தீவில் இடைநிலைப் பள்ளி உண்டு. மேற்படிப்புக்கும் பெரிய சிகிச்சைக்கும் சித்தியவான், ஸ்ரீ மஞ்சோங் பக்கம்தான் போக வேண்டும். லுமுட்டிலுள்ள அரச மலேசியக் கடற்படைத் தளமும் கப்பல் கட்டும் தளமும், பற்றவைப்பு, இயந்திரப் பராமரிப்பு போன்ற கைத்திறன் சான்றிதழ் உள்ளோருக்கு அருகிலேயே இருக்கும் வாய்ப்புகள். படகு இயந்திரத்தோடு வளர்ந்த பிள்ளைக்கு இது புதிய உலகம் அல்ல.

மீன்பிடித் தொழிலிலேயே நீடிக்க விரும்புவோர், படகு உரிமமும் மீனவர் பதிவும் நடப்பில் இருப்பதை மீன்வளத் துறையிடம் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். எரிபொருள் சலுகையும் மீனவர் அலவன்ஸும் அந்தப் பதிவைப் பொறுத்தே கிடைக்கும். மீனைப் பதப்படுத்தி விற்க நினைப்போர், 1971-இல் அமைக்கப்பட்ட மலேசிய மீன்வள மேம்பாட்டு வாரியத்தையும் வட்டார மீனவர் சங்கத்தையும் அணுகி, உதவித் திட்டங்கள் பற்றி விசாரிக்கலாம். மொத்த வியாபாரியிடம் மூட்டையாகக் கொடுக்கும் நெத்திலியைச் சுத்தம் செய்து, சிறு பொட்டலமாகத் தங்கள் பெயரிலேயே விற்கும் குடும்பத்துக்கு அதே மீனில் கூடுதல் வருமானம் உண்டு.

தீவின் தமிழ்ப் பள்ளிக்கு ஒவ்வோர் ஆண்டும் முதலாம் ஆண்டில் பிள்ளைகள் சேர வேண்டும். அதற்கு இளம் குடும்பங்கள் தீவிலேயே பிழைக்க வழி இருக்க வேண்டும். மாசி மகத்துக்குப் பங்கோர் போகும் நம்மவர்கள், கருவாடும் நெத்திலியும் அங்குள்ள சிறு கடைகளில் வாங்கி வந்தாலே அக்குடும்பங்களுக்கு அது ஓர் ஆதரவு.