சிறுநெருஞ்சி

சிறுநெருஞ்சி தரையை ஒட்டிப் படரும் ஓராண்டுச் செடி. நெருஞ்சில், சிறுநெருஞ்சில், திரிகண்டம் என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. வடமொழியில் கோக்ஷுரம், இந்தியில் கோக்ரு. டிரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ் என்ற தாவரவியல் பெயரை 1753இல் லின்னேயஸ் வெளியிட்டார். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மானாவாரிக் கரிசல், வண்டிப்பாதை, களத்துமேடு, ரயில்வே ஓரம், சுண்ணாம்புக்கல் வெட்டிய இடங்களின் மேட்டுப் புறம் என வெயில் நேராக விழும் வெற்றுத் தரை எங்கும் இதைக் காணலாம். நிழல் விழும் இடத்தில் தேடினால் கிடைக்காது.

பழைய தாவரவியல் பாடநூல்களில் படித்தவர்கள் நெருஞ்சியை ஜெரேனியத்தின் உறவாக அறிந்திருப்பார்கள். பெந்தாம், ஹூக்கர் இருவரும் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த முறையில் நெருஞ்சிக் குடும்பமும் ஜெரேனியக் குடும்பமும் ஜெரேனியேல்ஸ் என்ற ஒரே தொகுதியில் இருந்தன. மரபணு ஆய்வு வந்தபின் நெருஞ்சி, சைகோபில்லேல்ஸ் என்ற தனி வரிசைக்குப் போய்விட்டது. உண்மையான காட்டு ஜெரேனியம் இந்தச் சமவெளியில் வளர்வதில்லை. நேபாள ஜெரேனியம் என்னும் படரும் இனம் நீலகிரி, பழனி மலைகளின் குளிர்ந்த உயரங்களில்தான் உண்டு. பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தில் சேர்ந்திருந்த காலத்தில், திருச்சி புனித வளனார் கல்லூரியின் ரபினா உலர்தாவரக் காப்பகத்தைச் சேர்ந்த கே. எம். மேத்யூ, தமிழ்நாட்டின் கர்நாடகச் சமவெளித் தாவரங்களைத் தொகுத்து 1980களின் தொடக்கத்தில் வெளியிட்டார். இப்பகுதிச் செடிகளைப் படிக்க விரும்புபவருக்கு இன்றும் அதுவே முதல் நூல்.

கோடை மழையோ புரட்டாசி மழையோ ஒன்று பெய்தால் போதும், விதை முளைத்துவிடும். மெல்லிய ஆணிவேர் நேரே கீழிறங்கும். அதன் தலையிலிருந்து தண்டுகள் நாலாபுறமும் தரையோடு ஓடும். ஒரு தண்டு ஒரு மீட்டருக்கு மேலும் நீளும். ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிராக இரண்டு இலைகள் உண்டு. அவற்றில் ஒன்று பெரியது, மற்றது சிறியது. நெருஞ்சியை அடையாளம் காண இது எளிய வழி. ஒவ்வோர் இலையும் சிறு சிற்றிலைகள் ஜோடி ஜோடியாகச் சேர்ந்தது. அடிப்புறத்தில் பட்டுப் போன்ற வெண்மயிர் படிந்திருக்கும். சிறிய இலையின் கக்கத்தில் மஞ்சள் பூ ஒன்று தனியாகப் பூக்கும். அதற்கு ஐந்து இதழ்கள், பத்து மகரந்தத் தாள்கள். காலையில் விரிந்த பூ பிற்பகலுக்குள் வாடிவிடும். மக்காச்சோளத்தைப் போலவே நெருஞ்சியும் சி4 முறையில் ஒளிச்சேர்க்கை செய்கிறது. அதனால் கடும் வெயிலிலும் குறைந்த நீரைக் கொண்டு வளர முடிகிறது. பெரம்பலூர்க் காட்டில் மக்காச்சோளப் பயிருக்கும் இந்தக் களைக்கும் இந்த வல்லமை பொதுவாக இருப்பதால், மழை தவறும் ஆண்டில் களை தானாகக் காய்ந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

செடியின் முழுச் சாமர்த்தியமும் காயில் இருக்கிறது. முற்றிய காய் ஐந்து துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் நீண்ட முட்கள் இரண்டு, குட்டை முட்கள் இரண்டு. துண்டை எப்படிப் போட்டாலும் ஒரு முள்ளாவது மேல்நோக்கி நிற்கும். ஆட்டின் குளம்பு, மாட்டின் கால், சைக்கிள் டயர், ரப்பர்ச் செருப்பு என எதில் ஏறினாலும் அடுத்த ஊர் வரை போய்விடும். துண்டுக்குள் விதைகள் அறை அறையாக அடுக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் பெரிய விதை முதலில் முளைக்கும். மற்றவை மண்ணுக்குள் சில ஆண்டுகள்கூடக் காத்திருக்கும். முதல் களையெடுப்போடு நெருஞ்சி ஒழியாததற்கு இதுவே காரணம். பூ பிடிக்கும் முன்பே ஆணிவேர் தலையோடு சேர்த்துக் கொத்தி எடுத்துவிட வேண்டும். காய் விட்டபின் கொத்தினால், பிடுங்கிய செடியை வயலிலிருந்து வெளியே கொண்டுபோய் எரித்தால்தான் பயன். பருத்தி எடுக்கும்போதும் சின்னவெங்காயம் பிடுங்கும்போதும் வெறுங்கையோடு குனிகிறவர்களுக்கு இந்த முள் கூலியோடு சேர்ந்த தண்டனை.

சங்கப் புலவர்கள் நெருஞ்சியை மிக அருகில் நின்று பார்த்தவர்கள். குறுந்தொகையின் 202ஆம் பாடலில் அள்ளூர் நன்முல்லையார், புன்செய் நிலத்தில் நெருங்கி வளர்ந்த நெருஞ்சியின் கண்ணுக்கினிய புதுப்பூ பின்னர் முள்ளாவதை, இனியவனாய் இருந்து இன்னாதவனாய் மாறிய தலைவனுக்கு உவமையாக்குகிறார். புறநானூற்றின் 155ஆம் பாடலில் மோசிகீரனார், பாழூரில் பூத்த நெருஞ்சி கதிரவனை எதிர்கொள்வதை, வறிய புலவர்களின் உண்கலங்கள் வள்ளல் கொண்கானங்கிழானை நோக்குவதோடு ஒப்பிடுகிறார். ஆள் நடமாட்டம் அற்ற வெட்டவெளி, சூரியனை நோக்கும் பூ, அதைத் தொடரும் முள் என்று செடியின் இயல்பு மூன்றையும் அவர்கள் பிழையின்றிச் சொல்லியிருக்கிறார்கள். காரியாசானின் சிறுபஞ்சமூலம் பெயர் பெற்ற ஐந்து வேர்களில் நெருஞ்சி வேரும் ஒன்று.

சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் நெருஞ்சி முதன்மையாக நீர்ப்பை சார்ந்த மருந்து. நீரடைப்பு, நீர்க்கடுப்பு, கல்லடைப்பு ஆகியவற்றுக்குக் காயை இடித்துக் குடிநீராகக் காய்ச்சுவார்கள். சிறுபீளையோ கொத்தமல்லி விதையோ சேர்ப்பதும் உண்டு. ஆயுர்வேதத்தின் தசமூலத்திலும் இதற்கு இடமுண்டு. விலங்குகளிடம் செய்த சோதனைகளில் சிறுநீர் பெருக்கும் தன்மையும், ஆய்வுக்கூடத்தில் கால்சியம் ஆக்சலேட் படிகம் வளர்வதைத் தடுக்கும் தன்மையும் தெரிந்திருக்கின்றன. ஆண்மை மாத்திரை, உடற்பயிற்சிக் கூடத்துப் பொடி என்று உலகச் சந்தையில் விற்கப்படுவது வேறு கதை. பல்கேரியாவில் இளைஞர்களிடம் ஆய்வு செய்த நெய்ச்செவ், மித்தேவ் இருவரும், நெருஞ்சிச் சாறு ஆண் ஹார்மோனை உயர்த்தவில்லை என்று 2005இல் எழுதினார்கள். அந்த விளம்பரங்களை நம்பிப் பணம் கொடுப்பது வீண்.

இளம் செடியை ஆடு மாடு மேயும். ஆனால் அளவுக்கு மேல் மேய்ந்தால் ஆபத்து. தென்னாப்பிரிக்காவில் நெருஞ்சி மேய்ந்த செம்மறி ஆடுகளுக்கு ஈரல் பழுதாகி, வெயில் பட்டதும் முகம் வீங்கி மஞ்சளாகும் நோய் நெடுங்காலமாக அறியப்பட்டது. செடியிலுள்ள சப்போனின்களிலிருந்து உருவாகும் படிகங்கள் பித்தநாளத்தில் படிவதே இதற்குக் காரணம். அமெரிக்காவில் களையாகப் பரவிய நெருஞ்சியை அடக்க, விதையையும் தண்டையும் துளைக்கும் இரண்டு கூன்வண்டு இனங்களை இத்தாலியிலிருந்து கொண்டுவந்து 1961இல் விட்டார்கள். பரிணாம ஆய்விலும் இச்செடியின் பேரினத்துக்குப் பங்குண்டு. 1977இல் காலபகோஸ் தீவுகளில் வறட்சி வந்தபோது, டாப்னே மேஜர் தீவின் சிட்டுகளில் நெருஞ்சியின் நெருங்கிய உறவான இன்னோர் இனத்தின் காயை உடைக்கும் அளவு தடித்த அலகு கொண்டவையே பெரும்பாலும் பிழைத்தன. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியின் புகழ்பெற்ற ஆய்வு அது.

நெருஞ்சி என்ற பெயரில் வேறு செடிகளும் உண்டு. பெருநெருஞ்சி அல்லது ஆனைநெருஞ்சி எள் குடும்பத்தைச் சேர்ந்தது. அது நிமிர்ந்து வளரும். அதன் தழையைத் தண்ணீரில் கலக்கினால் தண்ணீர் வெண்டைக்காய்ச் சாறு போலக் கொழகொழப்பாகும். செப்புநெருஞ்சி அவுரி இனத்துப் படர்செடி. செந்நிறச் சிறுபூ பூக்கும். மூன்றும் மருந்துச் செடிகளே, ஆனால் மூன்றும் ஒரே மருந்தல்ல. நாட்டு மருந்துக் கடையில் சிறுநெருஞ்சி கேட்பவர்கள், பொடியாக வாங்காமல் காயாகவே கேட்டு வாங்குங்கள். நான்கு மூலைகளிலும் முள் கொண்ட கூம்பு வடிவக் காய் வந்தால் அது பெருநெருஞ்சி. ஐந்தாகப் பிரியும் உருண்டைக் காய்தான் சிறுநெருஞ்சி. கல் இருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்தவர்கள் அதைத் தாமே காய்ச்சிக் குடிக்காமல் மருத்துவரிடம் காட்டியபின் குடியுங்கள்.