வலியசாலையில் நோன்படையும் பொங்காலையும்

பின்பனி விடைபெற்று வேனில் தலைகாட்டும் காலத்தே திருநாள் இனிப்புச் செய்தல் பல நாட்டார்க்கும் பொதுவாகும். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தார் ஈஸ்டருக்கு, வேகவைத்த கோதுமைமணியும் பாற்கட்டியும் கூட்டிப் ‘பஸ்தியேரா’ செய்வர். திருவனந்தபுரத்து வலியசாலை அக்கிரகாரத்திலோ அவ்விடத்தை அரிசியும் வெல்லமும் பெறுகின்றன.

மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில் வருவது காரடையான் நோன்பு. வறுத்த அரிசிமாவுடன் வெல்லப்பாகு, வெந்த காராமணி, தேங்காய்ப்பல் சேர்த்து, இலையில் தட்டி, ஆவியில் வேகவைத்து, வெண்ணெயுடன் படைப்பர், மஞ்சட்சரடு அணிவர். எமனிடமிருந்து கணவன் உயிரை மீட்ட சாவித்திரியின் நினைவே இந்நோன்பு.

சற்றே அப்பால் ஆற்றுக்கால். அங்கு உறையும் தேவியைக் கண்ணகியெனப் போற்றுவது மரபு. கும்ப மாதத்தில், பெண்கள் தெருவெங்கும் அடுப்பு மூட்டிப் பொங்காலையிடுவர். தெரளி இலையில் பொதிந்து வேகவைத்த அப்பமும் படைப்பர். 2009ஆம் ஆண்டு கூடியோர் 25 இலட்சம் எனக் கின்னஸ் நூல் பதிந்துள்ளது.

சாவித்திரி கணவனை மீட்டாள்; கண்ணகி இழந்தாள். இருவர்க்கும் படையல் அரிசியும் வெல்லமுமே!

1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை முதலிய தென்வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. வலியசாலைத் தமிழர் கேரளத்தவராயினர். எல்லை மாறியும் அடையின் பக்குவம் மாறவில்லை. அது தாயின் கைவழியே மகளுக்கு வருவது. ஒரு தலைமுறை கற்க மறப்பின் அடுத்த தலைமுறை எவரிடம் கற்கும்? ஆதலின், நம் இல்லத்து இளையோர், மகளிரேயன்றி மைந்தரும், வரும் நோன்புக்கு முன்னரே அதனைக் கேட்டுப் பழகுவாராக.