மஞ்சள் தூளிலிருந்து பாட்டிலுக்கு

1980இல் அசோக் லேலண்ட் ஓசூரில் ஆலை தொடங்கியது. அங்கே தயாரான வண்டிகளைப் பழுதுபார்த்தே வளர்ந்தவன் நான். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றுவது டிரைவர்களின் பழைய வழக்கம். சின்னக் கசிவை அது அடைக்கும், மறுக்கவில்லை.

பிறகு கசிவை அடைக்கும் கரைசல் பாட்டில்கள் வந்தன. பலவற்றில் இருப்பது சோடியம் சிலிகேட். சூட்டில் நீர் வற்றிக் கண்ணாடிபோல் இறுகும். ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு, போன வண்டிக்கும் இதையே ஊற்றுகிறார்கள். சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் அழுத்தத்தை அந்தப் படலம் எத்தனை நாள் தாங்கும்? ரேடியேட்டரின் நுண்குழாய்களும் அடைபடும். 2009இல் அமெரிக்காவில் பழைய கார்களை ஒழிக்கும் திட்டத்தில், ஆயிலை வடித்துவிட்டு இன்ஜினுக்குள் ஊற்றி அதைச் சாகடித்தது இதே சோடியம் சிலிகேட் கரைசல்தான்!

வாடகை போய்விடும் என்று டிரைவர் கெஞ்சினாலும், ஹெட்டைக் கழற்றி, ஃபேசிங் செய்து, புது கேஸ்கெட் போட்டே அனுப்புகிறேன்.