அரங்கம் மறைத்த போர்க்களம்

குலத்தின் மூத்தோர் ஒருவர் குத்துச்சண்டை வீரராய் விளங்கியிருப்பின், அவருடைய வெற்றிகளை வீட்டார் தலைமுறைதோறும் சொல்லி மகிழ்வர். அவர் போர்வீரராகவும் இருந்தாரா என நாம் வினவினால், விடையைத் தேட வேண்டியிருக்கும். பிரித்தானியக் குடும்பங்களுக்கு இத்தேடல் எளிதன்று. 1940 செப்டம்பரில் இலண்டன்மீது வீழ்ந்த குண்டுகளால் ஆவணக் கிடங்கு தீப்பற்றி, முதல் உலகப் போர்க்காலப் படைவீரர்களின் பணிக்கோப்புகளுள் பாதிக்கு மேற்பட்டவை அழிந்தன. ஆதலின் வழித்தோன்றல்கள் பலர் பழைய நிழற்படங்களையும் செய்தித்தாள்களையும் நாடுகின்றனர்.

நிழற்படத்தில் முகத்தைவிடச் சீருடையே மிகுதியாகப் பேசும். தொப்பியின் சின்னம் படைப்பிரிவை உணர்த்தும். இடக்கைச் சட்டையின் கீழ்ப்பகுதியில் செங்குத்தான பொன்னிறப் பட்டை இருப்பின், அவர் போரில் காயமுற்றவர் என அறிகிறோம். இவ்வழக்கம் 1916இல் தோன்றியதாதலின், அப்படமும் அதற்கு முந்தியதாய் இருக்கவியலாது.

செய்தித்தாளையோ நாம் ஆய்ந்து படித்தல் வேண்டும். 'பம்பார்டியர்' பில்லி வெல்ஸ் என்பவர் பீரங்கிப் படையில் சேர்ந்து, இராவல்பிண்டியில் பணியாற்றியபோது குத்துச்சண்டையில் புகழ்பெற்றார். 1910இல் படையை விட்டு விலகிய பின்னரும், படைப் பதவியைக் குறிக்கும் அவ்வடைமொழி அவரை விட்டு நீங்கவில்லை. எனவே, பெயருக்கு முன் பதவி அச்சாகியிருப்பதால் மட்டும் ஒருவர் அந்நாளில் படையில் இருந்தார் எனக் கொள்ளலாகாது.

பிழையினும் கொடியது ஓரவஞ்சனை. 1922 செப்டம்பர் 24 அன்று பாரிசில், செனகலில் பிறந்த 'பேட்லிங்' சிக்கி, பிரெஞ்சு மக்களின் செல்லப்பிள்ளையான ஜார்ஜ் கார்பாந்தியேயை ஆறாம் சுற்றில் வீழ்த்தி உலகப் பட்டம் வென்றார். முதல் உலகப் போரில் கார்பாந்தியே வான்படையிலும் சிக்கி காலாட்படையிலும் பிரான்சுக்காகப் பணியாற்றியவர்கள். போர்ச்சிலுவைப் பதக்கம், படைவீரர் பதக்கம் ஆகிய இரண்டும் இருவர் மார்பையும் அணிசெய்தன. ஆயினும், ஒருவரைப் போர்நாயகராகக் கொண்டாடிய ஏடுகள் பல, மற்றவரைக் காட்டிலிருந்து வந்த விலங்கெனவே சித்திரித்தன. 1925இல் நியூயார்க் தெருவொன்றில் சிக்கி சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய உடலின் எச்சங்கள் 1993இல்தான் தாய்மண் சேர்ந்தன.

செய்தித்தாள் ஒன்றையே நம்பி மூதாதையரை எடைபோடுவோமாயின், அதை அச்சிட்டோரின் வெறுப்பையும் நாம் மரபுரிமையாகப் பெற்றுவிடுவோம். நிழற்படத்தையும், எஞ்சியுள்ள படைப் பதிவேட்டையும் அதனருகே வைத்துப் படிப்பதே இறந்தோர்க்கு நாம் செய்யும் நீதியாகும்.