மார்சினெலில் ஒலிக்கும் மணி

பெல்ஜியத்தில் சார்லெருவா நகரை அடுத்த மார்சினெலில், புவா து கசியே என்னும் பழைய நிலக்கரிச் சுரங்கம் இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. வலோனியாவின் வேறு மூன்று சுரங்கத் தலங்களுடன் அது 2012-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. கட்டட அழகை மட்டும் காணச் செல்வோர் அங்கு வேறொன்றையும் கண்டே திரும்புவர்.

1946-இல் இத்தாலியும் பெல்ஜியமும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. போரில் நலிந்த இத்தாலி 50,000 தொழிலாளரை அனுப்ப வேண்டும். பெல்ஜியம் அதற்கு நிலக்கரி விற்க வேண்டும். மனிதரைத் தராசின் ஒரு தட்டிலும் கரியை மறு தட்டிலும் வைத்த ஒப்பந்தமாகவே இதனை நாம் காண்கிறோம். வந்தவர்களுள் பலருக்குக் கிடைத்த இருப்பிடம், போர்க்கைதிகள் முன்பு அடைபட்டிருந்த கொட்டகைகளே.

1956 ஆகஸ்ட் 8 காலை, 975 மீட்டர் ஆழத்தில் கரிவண்டி ஒன்று தூக்குக்கூண்டினுள் முழுமையாக ஏறவில்லை. சமிக்ஞை தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதால் கூண்டு மேலெழுந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த வண்டி எண்ணெய்க் குழாயையும் மின்கம்பிகளையும் அறுத்தது, தீப்பற்றியது. புகை சூழ்ந்து மாண்டவர் 262 பேர். அவர்களுள் இத்தாலியர் 136, பெல்ஜியர் 95. சுரங்கத்தின் இரும்புக் கதவருகே மனைவியரும் பிள்ளைகளும் இரு வாரங்கள் காத்திருந்தனர். இறுதியில் மீட்புப் பணியாளர் மேலே கொண்டுவந்த செய்தி, அனைவரும் பிணங்கள் என்பதே. மேல்முறையீட்டில் தண்டனை பெற்றவர் ஒரே ஒருவர். அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட ஆறு மாதச் சிறை. இதனை நீதியென்று சொல்ல நம் நா எழவில்லை.

1967-இல் சுரங்கம் மூடப்பட்டது. அவ்விடத்தில் வணிக வளாகம் எழுப்பும் எண்ணமும் பின்னர் தோன்றியது. முன்னாள் சுரங்கத் தொழிலாளர் அதனை எதிர்த்து நின்றனர். 1990-இல் அது பாதுகாக்கப்பட்ட சின்னமாயிற்று. 2002-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. காத்தவர்கள் கற்றறிந்த வரலாற்றாசிரியர்கள் மட்டுமல்லர் என்பதை நாம் குறிப்பிட விரும்புகிறோம்.

வளாகத்தில் ஒரு மணி உண்டு. அநாதைகளின் அன்னை மரியா என்பது அதன் பெயர். நம் பங்குகளில் ஒருவர்க்குத் துக்கமணி ஒலித்தாலே தெரு அமைதியாகிவிடும். அங்கு ஆண்டுதோறும் ஆகஸ்ட் 8 காலையில் அந்த மணி 262 முறை ஒலிக்கிறது.